வராந்தாவில் நின்ற குரல்

போன வாரம் ஒரு மத்தியானம், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நீ பாடுவதைக் கேட்டேன். நீ இறந்து மூன்று வருடம் ஆகிறது. நீ பாடி நான் கடைசியாகக் கேட்டு ஐம்பது வருடம் ஆகியிருக்கும்.

என் பேத்தி சென்னையில் ஒலிப்பதிவு படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது என் அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்த அந்த ஒரே டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். பூஞ்சை பிடித்துக் கிடந்ததை யாரிடமோ கொடுத்துத் துடைத்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருக்கிறாள். இந்த முறை லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"தாத்தா, இந்த சாஃப்ட்வேரோட புது வெர்ஷன்ல ஒரு வசதி குடுத்திருக்காங்க. எல்லாரும் சேந்து பாடினதக்கூடத் தனித்தனியாப் பிரிச்சுக் குடுத்துடும். உங்க டேப்ல போட்டுப் பாக்கவா?"

ஒரு பொத்தானை அழுத்தினாள். நான் ஒரு வாய் டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் பட்டை பட்டையாக விரிந்தது. ஒன்றில் என் ஆர்மோனியம், ஒன்றில் டோலக், ஒன்றில் எங்கள் குரல்கள். கடைசிப் பட்டையில் ஒன்றுமே இல்லாததுபோல ஒரு மெல்லிய கோடு. அதை மட்டும் வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள். முதலில் மழை கேட்டது. பிறகு மழைக்குள்ளிருந்து நீ.

"யார் தாத்தா இவரு? ஏன் இவ்வளவு தூரத்துல நின்னு பாடுறாரு? எல்லாரையும்விட இவர்தான் சரியாப் பாடுறாரு." திரையில் இன்னொரு படத்தைக் காட்டினாள். பாடுகிறவரின் சுரம் ஏறுவதும் இறங்குவதும் அதில் கோடாகத் தெரியுமாம். எங்கள் கோடுகளெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் கீழே சரிந்திருந்தன. உன்னுடையது மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் அவளிடம் சொல்வது சரியாகப் படவில்லை. அதனால் இதை எழுதத் தொடங்கினேன்.

உன்னை முதலில் பார்த்தது பவர் ஹவுஸில். கையெழுத்து வாங்க ஒரு ஃபைலோடு வந்திருந்தேன். டீசல் இஞ்சின் போடுகிற சத்தத்தில் மனிதக் குரல் எதுவும் எடுபடாத இடம் அது. அங்கே கையில் எண்ணெய்த் துணியோடு நீ கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாய். அருகில் வந்தபோதுதான் தெரிந்தது, இஞ்சினின் ஒலியை ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு பாடுகிறாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய்.

"இவ்வளவு பெரிய சுருதிப் பெட்டி சும்மா ஓடிக்கிட்டிருக்கு. வீணாக்கலாமாண்ணே?"

அப்போது எனக்கு முப்பது வயது. கும்பகோணத்திலிருந்து அரசாங்க ஆபீஸ் டைப்பிஸ்டாகக் கப்பலேறி வந்தவன். என்னோடு ஒரு ஆர்மோனியமும் வந்திருந்தது. போர்ட் பிளேரில் நமக்குத் தெரிந்த தமிழர்கள் மத்தியில் வேறு யாரிடமும் ஆர்மோனியம் இல்லை. அதனால் பொங்கலுக்கும் பங்குனி உத்திரத்துக்கும் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது. இப்போது சொல்ல முடிகிறது. அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நீ என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவன். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு அம்மாவோடும் அக்காவோடும் திருச்சிப் பக்கம் ஒரு குடியிருப்புக்கு வந்து, அங்கே வேலை இல்லாமல் தனியாக இந்தத் தீவுக்கு வந்தவன். உன் அம்மாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லீவு கிடைத்தால் கப்பலில் இடம் கிடைக்காது. இடம் கிடைத்தால் இஞ்சின் பழுதாகி லீவு ரத்தாகும்.

நாம் ஏழு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆனோம். நான் ஆர்மோனியப் பெட்டி, மர மில்லில் வேலை பார்த்த வங்காளி மிஸ்திரி டோலக், மற்ற ஐந்து பேரும் குரல். ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழர் சங்கத்தின் தகரக் கூரைக் கட்டடத்தில் கூடுவோம். அங்கேதான் ஒருநாள் நீ முணுமுணுத்த மெட்டுக்கு நாம் இருவரும் சொல் போட்டோம்.

அலைக்கு அந்தப் பக்கம்
அம்மா குரல் கேக்குதா,
அடுத்த கப்பல் எப்பன்னு
ஆரக் கேட்டுச் சொல்லுறது, கப்பலே...

அந்தக் கடைசி 'கப்பலே'யைப் பஞ்சமத்தில் பிடித்து நீளமாக நிறுத்த வேண்டும். அது உன் யோசனை. "கப்பல் கண்ணுலேர்ந்து மறையிற வரைக்கும் நிக்கணும்ணே" என்றாய்.

அந்த வருடம்தான் அறிவிப்பு வந்தது. தீவுகளிலிருந்து ஒரு பாட்டுக் குழுவை மெயின்லேண்டில் நடக்கும் விழா ஒன்றுக்கு அனுப்பப்போகிறார்கள், பாடிப் பதிவு செய்து டேப்பைக் கொடுத்தால் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், போகவர கப்பல் டிக்கெட் அவர்கள் செலவு. அன்று சாயங்காலம் நீ பவர் ஹவுஸிலிருந்து நேரே என் குவார்ட்டருக்கு ஓடி வந்தாய். காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை.

"அண்ணே, விழா முடிஞ்சு ரெண்டு நாள் இருந்தாப் போதும். திருச்சி போய் அம்மாவப் பாத்துட்டு வந்துருவேன். அம்மாவுக்கு ஒரு கண்ணு நல்லாத் தெரியலையாம், அக்கா எழுதியிருக்கா."

"போலாம், போலாம். மொதல்ல பாடு" என்றேன்.

டேப் ரிக்கார்டர் நம்மிடம் ஏது? கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த ஒரு மலையாளி தன்னுடைய பெரிய மெஷினை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கொடுத்தார். அதோடு ஒரு மைக், ஒரு டேப். மறுநாள் அவர் கப்பல் கிளம்புகிறது. அந்த மெஷின் கரண்டின் வேகத்தைப் பொறுத்து ஓடும் என்று நீதான் கண்டுபிடித்தாய். இஞ்சின் தளர்ந்தால் டேப்பும் தளரும், பாட்டு அலையும். அதற்கும் வழி செய்துவிட்டு வந்தாய்.

"ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இஞ்சின் ஆடக் கூடாதுன்னு ஷிஃப்ட்காரன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேண்ணே. பக்காவா ஓடும்."

இன்றைக்கு அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு என் பேத்தி, "அந்தக் காலத்து டேப் இவ்வளவு ஆடாம ஓடியிருக்கே!" என்று வியந்தாள். அது உன் வேலை என்று அவளுக்குத் தெரியாது.

என் பேத்தி வயதுக்காரர்கள் இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் பாடுகிறார்கள். பிடித்த அடியை மட்டும் வெட்டி ஒட்டுகிறார்கள். ஒருவர் சத்தம் கூடுதலாக இருந்தால் விரலால் தள்ளிக் குறைக்கிறார்கள். தவறிப்போனால் பழைய நிலைக்குக் கொண்டுபோக ஒரு பொத்தான் இருக்கிறது. நமக்கு ஒரே மைக். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் ஆளைத்தான் தள்ளி நிறுத்த வேண்டும். தரையில் சாக்பீஸால் ஆளுக்கொரு வட்டம் போட்டேன். உன் வட்டம் முதலில் மைக்கிலிருந்து இரண்டு அடியில் இருந்தது.

முதல் முறை பாடினோம். திரும்பப் போட்டுக் கேட்டோம். எல்லாம் சரியாக வந்து, அந்த 'கப்பலே'யில் மட்டும் ஏதோ கரகரத்தது. பெட்டியும் நால்வரின் குரலும் ஓரிடத்தில் நிற்க, நீ ஒரு நூல் மேலே நின்றாய்.

"உனக்குச் சுருதி சேரல" என்றேன்.

நீ யோசித்தாய். பிறகு மெதுவாக, "அண்ணே, பெட்டியில அந்தக் கட்டை கொஞ்சம் எறங்கியிருக்கு போல. ஒரு தடவ தனியா அமுக்கிக் கேட்டுப் பாருங்களேன்" என்றாய்.

கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும், இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஒருவன் என் பெட்டியைக் குறை சொல்கிறான் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"இந்தப் பெட்டி உன் வயசுக்கு முன்னாலேர்ந்து பாடிக்கிட்டிருக்கு. நீ தள்ளி நில்லு."

உன் வட்டத்தை அழித்துவிட்டுச் சுவரோரம் போட்டேன். இரண்டாம் முறையும் அதே கரகரப்பு. கதவருகே போட்டேன். மூன்றாம் முறைக்கு முன்னால் டோலக் மிஸ்திரி என்னைப் பார்த்து, "பாபு, உஸ்கா சுர் டீக் ஹை" என்றார். அவன் சுரம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. மணி மூன்றரை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் மழை ஓயக் காத்திருந்தோம். கொஞ்சம் குறைந்ததும் நான் வராந்தாவைக் காட்டினேன்.

"அங்க நின்னு பாடு. குரல் சும்மா லேசாப் பின்னால விழுந்தாப் போதும்."

 போய் நின்றாய். வராந்தாவில் கூரை குட்டை. சாரல் உன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பார்த்து, நான் தலையசைத்த இடத்தில் சேர்ந்துகொண்டாய். அப்போதும் அந்தச் சுரத்தை நீ என் பெட்டிக்காக இறக்கவில்லை. இறக்கியிருந்தால் உன்னை உள்ளே கூப்பிட்டிருப்பேன். அது உனக்கும் தெரியும்.

அந்தப் பதிவில் உன் குரல் கேட்கவே இல்லை. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதை அழித்துக்கொண்டேதான் பதிவு செய்தோம். எனவே நீ உள்ளே நின்று பாடியது எதுவும் மிஞ்சவில்லை.

நம் குழுவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். டேப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆறு பேருக்குத்தான் டிக்கெட் என்று கடிதம் வந்தது. நாம் ஏழு பேர். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. திருவுளச் சீட்டுப் போட்டிருக்கலாம். மில்லில் வேலை பார்த்த ஒருவன், மனைவி நிறைமாதமாக இருப்பதால் தன்னால் வர முடியுமோ முடியாதோ என்றுகூடச் சொல்லியிருந்தான். நான் ஆபீஸில் என் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஆறு பெயர்களை டைப் அடித்தேன். உன் பெயரை அடிக்கவில்லை.

பட்டியல் ஆபீஸ் பலகையில் தொங்கிய அன்று நீ வந்தாய். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தாய். பிறகு என் மேஜைக்கு வந்தாய்.

"அண்ணே, எம்பேரு விட்டுப்போச்சு போல."

"விட்டுப்போகல" என்றேன்.

நீ புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று. நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "சுருதி சேராம மேடையில நின்னா எல்லாருக்கும் அவமானம். அடுத்த தடவ பாக்கலாம்" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ தலையை ஆட்டினாய்.

"சரிங்க சார்" என்றாய்.

அதற்குப் பிறகு ஒருநாளும் நீ என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

நாங்கள் கிளம்பிய காலையில் ஹாடோ ஜெட்டிக்கு வந்திருந்தாய். கையில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். "திருச்சிப் பக்கம் போக முடிஞ்சா அம்மாகிட்டக் குடுத்துருங்க சார். ஒரு சேலைதான். முடியலைன்னாப் பரவால்ல" என்று சொல்லி, முகவரி எழுதிய தாளைப் பொட்டலத்துக்குள் செருகினாய். வேறு எவனாக இருந்தாலும் அன்று ஜெட்டிப் பக்கம் வந்திருக்க மாட்டான். கப்பல் நகர்ந்த பிறகும் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது. மற்றவர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் இறங்கியதும் பெட்டியின் துருத்தியில் ஒரு கிழிசல் இருந்ததைச் சரிசெய்ய ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மேல் பலகையைக் கழற்றி ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இது எறங்கியிருக்கே சார். எத்தன நாளா இப்படியே வாசிக்கிறீங்க?"

உள்ளே இருந்த பித்தளை நாக்கை எடுத்துக் காட்டினார். கடற்காற்றில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டு அழுத்தினார். நீ பிடித்த சுரம் வந்தது. துல்லியமாக, வராந்தாவில் நீ பிடித்த அதே இடம்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. என் பேத்தியின் கோடுகள் புதிதாக எதையும் எனக்குச் சொல்லவில்லை. அன்று கூடவந்த யாரிடமும் நான் சொல்லவில்லை. விழாவில் பெட்டி சரியாகப் பாடியது, கைத்தட்டல் வந்தது. 'கப்பலே' என்று நால்வரும் நிறுத்தியபோது நான் துருத்தியை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அது ஒன்றையாவது செய்தேன். வரிசையாக ஓட்டு வீடுகள். உன் அக்கா கூலி வேலைக்குப் போயிருந்தாள். உன் அம்மா சேலையை விரித்துப் பார்க்காமல் முகத்தோடு வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எம்மகன் அங்க பாடுறானா?"

"பாடுறான்மா."

"பாடட்டும். தோட்டத்துல அவன் பாட்டக் கேட்டுத்தான் லயத்துல எல்லாரும் எந்திரிப்பாங்க. பாடிக்கிட்டிருந்தான்னா நல்லாருக்கான்னு அர்த்தம். பாட்டுக்காரங்க எல்லாரும் வந்திருக்கீங்களே, அவன் ஏன் வரல?"

"லீவு குடுக்கலம்மா" என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன். அவள் எனக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது நீ பவர் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தாய். "அம்மா எப்படி இருக்காங்க சார்? என்ன சொன்னாங்க?" என்றாய். அவள் கேட்டதை உன்னிடம் சொன்னால் நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும். பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சௌக்கியமா இருக்காங்க. உன்னை நல்லா இருக்கச் சொன்னாங்க" என்றேன். நீ இன்னும் ஏதாவது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து நீ கப்பலேறிப் போனாய். நான்கு நாள் கடலில் போனவனுக்கு எது மிஞ்சியிருக்கும்? எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததாம். வந்ததும் தீவுகளின் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாய். யாரும் கேட்டு வாங்காத இடம் அது. கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாய், என்னிடமும். "வரேன் சார்" என்றாய். நம் பாட்டுக் குழு அதற்குள் கலைந்திருந்தது. பெட்டியை நான் திறப்பதே குறைந்துவிட்டது.

நீ அங்கேயே கல்யாணம் செய்துகொண்டதும், சுனாமிக்குப் பிறகு இடம்மாறி எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் வீடு கட்டிக்கொண்டதும் காதில் விழுந்தன. சாத்தமிலிருந்து ஃபெர்ரி ஏறினால் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஒரே ஒரு முறை அந்த ஃபெர்ரியில் உன்னைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் காய்கறிப் பை. "சௌக்கியமா சார்?" என்றாய். "சௌக்கியம்" என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். 'அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி' என்ற இந்த ஒரு வரிதான். ஜெட்டி வந்துவிட்டது. இறங்கும் கூட்டத்தில் நீ முன்னால் போய்விட்டாய். நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய்.

நீ போய்விட்ட செய்தி வந்த அன்றும் நான் வரவில்லை. மழையைக் காரணம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மேட்டில், பலா மரத்துக்குப் பக்கத்தில். உன் மனைவி எங்களை உட்கார வைத்து டீ போட்டாள். பழைய சிநேகிதர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பேத்தி ஃபோனில் உன் குரலைப் போட்டாள்.

உன் மனைவி மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாப் பாடுறாரு. யாருங்கய்யா இது?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரரும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "அவரு பாட மாட்டாருங்க. நாப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு வரி பாடிக் கேட்டதில்ல. கோயில்ல பஜனைக்குக் கூப்புடுவாங்க. எனக்குச் சுருதி சேராதும்பாரு. புள்ளைங்களத் தூங்கவைக்கக்கூட என்னைத்தான் பாடச் சொல்லுவாரு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பேத்தி என்னைப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. 'கப்பலே' என்று நீ நிறுத்தினாய், கப்பல் மறையும் வரை. முடிந்ததும் அந்த மழைக்குள், யாருக்கும் கேட்காது என்று நினைத்து, தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டாய்.

உன் மனைவியின் முகம் மாறியது. பேத்தியின் கையைப் பிடித்தாள். "அத மட்டும் இன்னொரு தடவ போடும்மா." பேத்தி போட்டாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. "அவருதான்" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "காலையில எந்திரிச்சதும் இப்படித்தான்..."

பிறகு முதலிலிருந்து பாட்டைக் கேட்டாள்.  முடிந்ததும் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸ் வட்டம், பட்டியல், ரிப்பேர் கடை, உன் அம்மா கேட்டது, நான் சொன்னது. எதையும் குறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என்னைப் பத்தி உங்ககிட்ட எப்பவாவது ஏதாச்சும் சொல்லியிருக்காராம்மா?" என்றேன்.

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்லீங்கய்யா. உங்க பேர அவரு சொன்னதேயில்ல."

கோபத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஐம்பது வருடமாக உன் கோபத்தை நினைத்து உன் பக்கம் வராமல் இருந்தேன். உன் வீட்டில் நான் ஒரு பெயராகக்கூட இருந்ததில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சொன்னவனை நீ விட்டுவிட்டாய்.

பேத்தி அந்தப் பாட்டை உன் மனைவியின் ஃபோனில் ஏற்றிக் கொடுக்க உட்கார்ந்தாள். "முழுப் பாட்டும் இருக்கு பாட்டி, ஆர்மோனியம் டோலக் எல்லாம் சேந்து நல்லாருக்கும். அத ஏத்தட்டுமா?" என்றாள்.

"மத்தவங்க வேணாம்மா. பெட்டிச் சத்தமும் வேணாம். அவரு மட்டும் போதும்."

பேத்தி தயங்கி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஒவ்வொரு பட்டையாக நிறுத்திக்கொண்டே வந்தாள். நால்வரின் குரல் போனது. டோலக் போனது. என் ஆர்மோனியம் போனது. மழையும் நீயும் மட்டும் மிஞ்சினீர்கள்.

'எம்மகன் அங்க பாடுறானா?' என்று உன் அம்மா கேட்டதை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். 'பாடுறான்மா' என்று நான் அவளிடம் சொன்ன பதில் அன்று பொய். இப்போது உன் வீட்டில், காலையில் எழுந்ததும் உன் மனைவி உன் பாட்டைப் போட்டுக் கேட்கிறாளாம்.